ஜவ்வு நன்றாக இருக்கிறது என்கிறார்கள், தண்ணீர் ஏன் இறங்கவில்லை?

கேள்வி: வணக்கம் டாக்டர். அப்பாவுக்கு 61 வயது, சர்க்கரை உண்டு. வீட்டிலேயே வயிற்று டயாலிசிஸ் (குழாய் வழியாக வயிற்றுக்குள் திரவம் விட்டு, சில மணி நேரம் கழித்து வடிப்பது) செய்கிறோம், பகலில் மூன்று பை, ராத்திரி ஒரு பை. பாளையங்கோட்டையில், வயிற்றின் உள்பக்க ஜவ்வைச் சோதிக்கிற பெட் டெஸ்ட் எடுத்ததில் 0.84, 'ஹை' என்று வந்தது. ஜவ்வு நன்றாக வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டோம். ஆனால் ராத்திரி விடுகிற 2 லிட்டரில் காலையில் 1,800 மில்லிதான் வருகிறது, காலும் வீங்குகிறது. ஏன்?
- ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: அந்த 0.84 எப்படி வந்தது என்று பார்த்தாலே விஷயம் பிடிபட்டுவிடும் அம்மா. ரெண்டரை சதவீத சர்க்கரைத் திரவப் பையில் 2 லிட்டரை வயிற்றுக்குள் விட்டு 4 மணி நேரம் வைத்திருப்பார்கள். அதற்குள் ரத்தத்தில் இருக்கிற கிரியாட்டினின் என்கிற கழிவு எவ்வளவு தூரம் திரவத்துக்கு வந்து சேர்ந்தது என்று வகுத்துப் பார்ப்பதுதான் கணக்கு. ரத்தத்தில் 8, திரவத்தில் 6.7 என்றால் 0.84. அமெரிக்காவின் மிசௌரியில் ட்வார்டோவ்ஸ்கியும் அவருடைய குழுவும் 1987-ல் வெளியிட்ட முறை இது. 0.81-க்கு மேல் என்றால் வேகமான ஜவ்வு, 0.5-க்குக் கீழே மெதுவான ஜவ்வு, நடுவில் இரண்டு வகை.

ஆக, 'ஹை' என்றால் வேகம், அவ்வளவுதான். கழிவு வேகமாக வெளியே வருகிற ஜவ்வில் பையிலுள்ள சர்க்கரையும் அதே வேகத்தில் ரத்தத்துக்குள் போகும். உடம்பிலிருந்து தண்ணீரை இழுத்துக் கொடுப்பதே அந்தச் சர்க்கரைதான், அது கரைந்து போனபின் இழுக்க எதுவும் இல்லை, அப்புறம் வயிற்றில் கிடக்கிற திரவத்தையே உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப எடுத்துக்கொள்ளும். பத்து மணிக்கு விட்டு ஆறு மணிக்கு வடித்தால் எட்டு மணி நேரம் ஆகிறது. மெதுவான ஜவ்வுக்காரருக்கு அது ரொம்பப் பொருத்தம், அப்பாவுக்கு நீளம்.

அதனால் அப்பாவின் டாக்டரிடம் பையின் நேரத்தைப் பற்றிப் பேசுங்கள். ராத்திரி தூக்கத்திலேயே மிஷின் அடிக்கடி மாற்றிவிடுகிற முறை வேகமான ஜவ்வுக்காரர்களுக்கு நன்றாக ஒத்துவரும். மிஷின் வாங்க முடியாவிட்டால், நீண்ட நேரம் நிற்கிற அந்த ஒரு பைக்கு மட்டும் ஐகோடெக்ஸ்ட்ரின் (சர்க்கரைக்குப் பதில், மெதுவாகவே உடம்புக்குள் போகிற ஒரு மாவுச்சத்து) திரவம் போடலாம், செலவு கூடத்தான். அதைப் போட்டால் சில வீட்டு சுகர் மிஷின்கள் அளவைக் கூட்டிக் காட்டும், அதை நம்பி இன்சுலினை ஏற்றிவிடாதீர்கள், எந்த மிஷின் சரி என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களாகவே சர்க்கரை கூடுதலான 4.25 சதவீத பையை ராத்திரி முழுக்க விட்டுப் பார்க்க வேண்டாம், அத்தனை சர்க்கரையும் அப்பா உடம்புக்குள்தான் போகும்.

எல்லாப் பழியையும் ஜவ்வின் மேலேயும் போட முடியாது. மலச்சிக்கல் இருந்தாலும் குழாய் மடங்கியிருந்தாலும் தண்ணீர் குறைவாகத்தான் வடியும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றையும் நிறுத்துங்கள், உப்பு குறைந்தால்தான் தாகம் குறையும். வேகமான ஜவ்வில் புரதம் கூடுதலாகப் போகும் என்பதால் முட்டை வெள்ளைக்கரு, மீன் எல்லாம் எவ்வளவு கொடுக்கலாம் என்றும் கேளுங்கள். வீக்கம் ஏறினாலோ படுக்கும்போது மூச்சு முட்டினாலோ அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் அன்றைக்கே கூட்டிப் போங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு அடுத்த வாரம் இதே டெஸ்ட். ராத்திரி பையை வீட்டிலேயே வடித்துவிட்டு பஸ் ஏறலாமா? இரண்டு வாரம் முன்னால் திரவம் கலங்கலாக வந்து ஊசி போட்டார்கள், இப்போது சரியாகிவிட்டது.
- ஒரு வாசகர், வள்ளியூர்

பதில்: வடிக்காமல் வாருங்கள். அந்தப் பை 8 முதல் 12 மணி நேரம் உள்ளே இருந்திருக்க வேண்டும், எத்தனை மணிக்கு விட்டீர்கள் என்று எழுதிக் கொண்டுவாருங்கள். அங்கே புதுத் திரவம் ஏறும்போது அம்மாவை அப்படியும் இப்படியும் புரளச் சொல்வார்கள், திரவம் நன்றாகக் கலப்பதற்காக. நடுவில் ஒரு தடவை ரத்தமும் எடுப்பார்கள், ஆக அரை நாள் போய்விடும்.

ஆனால் அடுத்த வாரமே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. இன்ஃபெக்‌ஷன் வந்த ஜவ்வு கொஞ்ச காலத்துக்கு இருக்கிற வேகத்தைவிடக் கூடுதலாகவே காட்டும், அந்த எண்ணை வைத்துப் பையின் நேரத்தை மாற்றினால் தப்பாகிவிடும். முழுசாகக் குணமாகி ஒரு மாதமாவது போகட்டும். இன்றைக்கே போன் செய்து, கலங்கலாக வந்த தேதியைச் சொல்லி, டெஸ்ட்டைத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள்.