திரைக் கேள்வி: வெயில் முகம், ஈரத் தெரு

தனுஷ்கோடி மணலில் செல்போனில் குறும்படம் எடுக்கிறோம். செர்ஜியோ லியோனேயின் வெஸ்டர்ன் படங்களில் முகம் திரையை அடைத்து நிற்கும்போதே பின்னாலுள்ள பொட்டலும் தெளிவாகத் தெரிகிறதே, எப்படி?
- வாசகர், மண்டபம்

அவர் கையாண்டது டெக்னிஸ்கோப் என்ற அகலத்திரைப் படப்பிடிப்பு முறை. 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு ஃப்ரேமுக்கு வழக்கமாக ஓரத்துத் துளைகளில் நான்கு நகரும், இதில் இரண்டே. ஃபிலிம் செலவு பாதி. அதைவிடப் பெரிய லாபம் லென்ஸில். அகலக் காட்சியைப் பக்கவாட்டில் நெருக்கிப் பதியும் அனமார்ஃபிக் லென்ஸ் கிட்டே போனால் ஃபோகஸ் பிடிக்கத் திணறும். டெக்னிஸ்கோப்புக்குச் சாதாரண லென்ஸே போதும் என்பதால், கேமராவை முகத்தருகே கொண்டுபோனாலும் தூரத்து மேடு கலங்காது.

செல்போனில் சென்சார் (படத்தைப் பதியும் சில்லு) சின்னது என்பதால் இந்தத் தெளிவு தானாகவே அமையும். பின்னணியை மங்கலாக்கும் சினிமாட்டிக் மோடை மட்டும் அணைத்துவிடுங்கள். 1920×1080-இல் எடுத்து மேலே 132, கீழே 132 பிக்சல் வெட்டினால் அதே 2.35:1 அகலம். போன் திரையில் அந்த அளவுக்கு டேப் ஒட்டிக்கொண்டு எடுத்தால் தலைப்பாகை வெட்டுப்படாது. வெள்ளை மணலைக் கண்டதும் போன் வெளிச்சத்தைக் குறைக்கும், முகம் கருத்துப்போகும். முகத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரை (வெளிச்ச அளவை)ப் பூட்டுங்கள்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் வசனத்தை அங்கேயே பதிய ஆசைப்படாதீர்கள். லியோனே போன்ற இத்தாலியர்களும் பிறகுதான் டப்பிங் செய்தார்கள். ஆனால் போனில் பதிவான இரைச்சல் ஒலியை அழிக்காதீர்கள். அது இல்லாவிட்டால் உதட்டசைவோடு பொருத்த முடியாமல் தவிப்பீர்கள்.

‘தி தர்ட் மேன்’ (1949) படத்தில் வியன்னாவின் இரவுத் தெருக்கள் ஈரமாக மின்னுகின்றன. நாங்களும் தெருவை நனைத்து, கேமரா பக்கத்திலேயே விளக்கு வைத்து எடுத்தோம். ஒன்றும் மின்னவில்லை.
- வாசகர், தங்கச்சிமடம்

விளக்கு வைத்த இடம்தான் தப்பு. காய்ந்த தரை வெளிச்சத்தை நாலாபக்கமும் சிதறடிக்கும், நனைந்த தரை கண்ணாடிபோல் திருப்பிவிடும். அதனால்தான் வியன்னாவில் கல் பாவிய தெருக்களை நனைத்து எடுத்தார்கள். ஆனால் கேமரா பக்கமிருந்து அடிக்கும் ஒளி வழுக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விடும். விளக்கைத் தெருக்கோடியில் கேமராவை நோக்கி நிறுத்துங்கள். அது ஃப்ரேமில் தெரியாமல் ஒரு சுவரோ நடிகரோ மறைக்கட்டும். கேமரா முழங்கால் உயரத்துக்கு இறங்கட்டும். அப்போது இரண்டுக்கும் நடுவிலுள்ள பட்டையை நனைத்தாலே போதும். குடம் கணக்கில் தண்ணீர் வாங்கும் ஊரில் தெரு முழுக்க ஊற்றுவது அநியாயம். தார் ரோடு, சிமென்ட் ரோடு இரண்டும் சரி. மணல் தெரு உறிஞ்சிவிடும். கடல்நீர் வேண்டாம், காய்ந்ததும் உப்புப் பூத்து அடுத்த டேக்கில் காட்டிக்கொடுக்கும். தெருவில் டியூப் லைட் இருந்தால் ஷட்டர் வேகம் 1/50 விநாடி. இல்லையேல் படம் துடிக்கும்.

‘ரிஃபிஃபி’ (1955) என்ற பிரெஞ்சுப் படத்தின் கொள்ளைக் காட்சியில் உண்மையிலேயே இசை கிடையாதா?
- வாசகர், கீழக்கரை

கிடையாது, ஏறக்குறைய அரை மணி நேரம் வசனமும் இல்லை. இசையமைப்பாளர் ஜார்ஜ் ஓரிக் அதற்கு இசை எழுதித்தான் வைத்திருந்தார். இயக்குநர் ஜூல்ஸ் டசன் இசையோடும் இசையில்லாமலும் போட்டுக் காட்ட, வேண்டாமென்று ஓரிக்கே ஒப்புக்கொண்டார். தளத்துத் துளை வழியே குடையை இறக்கி விரித்து இடிபாட்டைச் சத்தமில்லாமல் ஏந்தும் இடத்தை இயர்போன் போட்டுப் பாருங்கள்.