கோயில் வாசலில் மருந்து கேட்டால்

வணக்கம் டாக்டர். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கிளினிக் திறந்த பிறகு கோயிலிலும் பசார் மாலாம் இரவுச் சந்தையிலும் மருந்து கேட்கிறார்கள், வாட்ஸ்அப்பில் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) கேட்கிறார்கள், மறுத்தால் தலைக்கனம் என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள்.

முதலில் அவசரமா என்று பாருங்கள். நெஞ்சுவலி, வாய் கோணல், மூச்சுத்திணறல் என்றால் 999 அழைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை கூடவே இருங்கள். இன்சுலின் போடுகிறவர் பிரசாத வரிசையில் வியர்த்து நடுங்கினால், விழுங்க முடிகிற நிலையில் இருந்தால் மட்டும், மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்துச் சுகர் 4.0 mmol/Lக்குக் கீழேயே இருந்தால் மறுபடியும் அதே அளவு.

மற்றதெல்லாம் கிளினிக்கில்தான். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரியாமல் சர்க்கரை நோய் மருந்தான மெட்ஃபார்மினைக் கூட்டச் சொல்வது ஆபத்து. சொன்னதற்குப் பதிவும் இருக்காது. "அம்மா, உங்க கார்டைப் பாக்காம சொன்னா தப்பாயிடும், நாளைக்குக் காலையில பத்து மணிக்கு வாங்க" என்று நேரத்தோடு சொல்லுங்கள். நேரம் கொடுத்துவிட்டால் பெரும்பாலும் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. வாட்ஸ்அப்புக்குக் கிளினிக் பெயரில் தனி எண், அதிலும் நேரம் குறிக்க மட்டும்.

எம்.சி.யில் வளையவே வளையாதீர்கள். பார்க்காதவருக்கு எழுதினால் மலேசிய மருத்துவ மன்றம்வரை புகார் போகலாம்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது ரகசியம். தோட்டத்து ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் சொந்தம். "என் மருமக உங்ககிட்ட வந்தாளாமே?" என்று மாமியார் அன்பாகத்தான் கேட்பார். வந்தார், வரவில்லை, இரண்டையும் சொல்லக்கூடாது. "யாரு கேட்டாலும் யாரைப் பத்தியும் சொல்றதில்லைம்மா, உங்களைப் பத்தியும்தான்" என்று சொல்லுங்கள். கவுண்டரில் இருக்கும் பெண்ணுக்கும் இதே வாசகத்தைப் பழக்குங்கள். பெரும்பாலும் அங்கிருந்துதான் கசியும்.