பிரவுசரில் திறக்கிறது, பைத்தானில் மறுக்கிறது!

கேள்வி: எங்கள் தளம் குரோமில் எந்த எச்சரிக்கையும் இன்றித் திறக்கிறது. இணையப் பக்கங்களை எடுக்க உதவும் பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்தில் மட்டும் 'அன்ஏபிள் டு கெட் லோக்கல் இஷ்யூயர் சர்டிஃபிகேட்' என்ற பிழை. வெரிஃபை=ஃபால்ஸ் போட்டுவிடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். அதைப் போட்டால் எதிரே இருப்பது உங்கள் சர்வர்தானா என்ற சோதனையே நின்றுவிடும். நடுவில் புகுந்தவர் பாஸ்வேர்டு உட்பட எல்லாவற்றையும் படிக்கலாம்.

பெரும்பாலும் சர்வர் தன் சான்றிதழை மட்டும் அனுப்பி, அதற்குக் கையொப்பமிட்ட இடைநிலைச் சான்றிதழை அனுப்பாமல் விட்டுவிட்டிருக்கும். குரோம் அதைத் தானே தேடி எடுத்துக்கொள்ளும், பைத்தான் எடுக்காது. ஓப்பன்எஸ்எஸ்எல்லின் எஸ்-கிளையன்ட் கட்டளையை ஷோசர்ட்ஸ் விருப்பத்தோடு 443 போர்ட்டுக்கு ஓட்டுங்கள். 'பிகின் சர்டிஃபிகேட்' ஒருமுறை மட்டும் வந்தால் கோளாறு அதுதான்.

இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்டின் சான்றிதழ் என்றால், என்ஜின்எக்ஸ் வெப் சர்வரின் அமைப்பில் சர்ட்.பெம் இருக்கும் இடத்தில், இரு சான்றிதழும் சேர்ந்த ஃபுல்செயின்.பெம் கொடுங்கள். கோப்பை நீங்களே ஒட்டினால் சர்வரின் சான்றிதழ் முதலில், இடைநிலை அடுத்து. வரிசை மாறினால் தனிச்சாவியோடு பொருந்தவில்லை என்று என்ஜின்எக்ஸ் கிளம்பாது. ரீலோட் செய்ய மறக்காதீர்கள்.

சர்வர் உங்கள் கையில் இல்லையா? ரிக்வெஸ்ட்ஸ் நம்பும் சான்றிதழ்கள் அடங்கிய சர்ட்டிஃபை தொகுப்பை நகலெடுத்து, இடைநிலைச் சான்றிதழை அதன் கடைசியில் சேர்த்து, அந்தப் பாதையை வெரிஃபைக்குக் கொடுங்கள். இடைநிலை மாறும்போது நகலையும் மாற்ற வேண்டியிருக்கும்.