காலை இழுப்பது வேறு, வலி தெரிவது வேறு

வணக்கம் சகோ. பைக் மோதியதில் நாய்க்குப் பின்னங்கால்கள் விழுந்துவிட்டன, ஆனால் விரலைக் கிள்ளினால் காலை இழுத்துக்கொள்கிறது, அப்படியென்றால் நடந்துவிடும்தானே என்று கேட்டிருந்தீர்கள். இழுப்பதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. கிள்ளிய சேதி கால் நரம்பு வழியாக இடுப்புப் பக்கத் தண்டுவடத்துக்குப் போகிறது. 'மடக்கு' என்ற கட்டளை அங்கிருந்தே தசைக்குத் திரும்பிவிடுகிறது. மூளைக்குத் தெரியவே வேண்டியதில்லை. நடுமுதுகில் தண்டுவடம் முழுதாக அறுந்திருந்தால்கூடக் கால் மடங்கும்.

அதனால் காலைப் பார்க்காதீர்கள், முகத்தைப் பாருங்கள். கிள்ளும்போது சட்டென்று திரும்புகிறதா, முனகுகிறதா, கடிக்க வருகிறதா? அப்படியென்றால் வலி மூளை வரை ஏறுகிறது, தேறுவதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. எங்கள் மணி காலை இழுத்தபோது நானும் சந்தோஷப்பட்டேன். டாக்டர் அதன் கண்ணைக் காட்டினார். அது சுவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

திரும்பத் திரும்பக் கிள்ள வேண்டாம், பாவம். கால்நடை மருத்துவர் இடுக்கியால் விரல் எலும்பை அழுத்திச் சரியாகப் பார்ப்பார். பலகையில் படுக்கவைத்தே தூக்கிப்போங்கள். அப்புறம், சிறுநீர் போகிறதா என்று இன்றே கவனியுங்கள். அடிவயிறு கல் மாதிரி இருந்தால் நாளைவரை காத்திருக்காதீர்கள்.