யார் யாரைத் தாங்குகிறார்கள்?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். முதியோர் பெருகிவருவது பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். கொஞ்சம் கோபம்தான் வந்தது. எங்களுக்கு தேவகோட்டைப் பக்கம். எங்கள் தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. மீதி வீடுகளில் வயதானவர்கள் இரண்டு பேர், இல்லாவிட்டால் ஒருவர். பிள்ளைகள் சிங்கப்பூர், துபாய், சென்னை என்று போய்விட்டார்கள். என் மகனும் வெளிநாட்டில்தான் இருக்கிறான். அவ்வப்போது யாராவது வந்து, வீட்டில் எத்தனை பேர், வெளியே எத்தனை பேர் என்று கேட்டு எழுதிக்கொண்டு போகிறார்கள். அப்புறம் ஒன்றும் நடந்ததில்லை. இந்த ஆராய்ச்சியெல்லாம் யாருக்காக? பெற்றவர்களைப் பார்க்காத பிள்ளைகளை வளர்த்தது நம் தப்பு என்று நேராகச் சொல்லாமல் சதவீதம் சொல்லி என்ன ஆகப்போகிறது? இப்போது தலைவர்களே நிறையப் பிள்ளை பெற்றுக்கொள்ளச் சொல்கிறார்கள். அதுதான் சரியோ என்று தோன்றுகிறது. இல்லாவிட்டால் இன்னும் கொஞ்ச நாளில் வடக்கேயிருந்து வந்தவர்கள் மட்டும்தான் இங்கே இருப்பார்கள் போல.

எனக்கு 66 வயது. நீளமாக எழுத நேரமில்லை. மாமியாருக்கு 91 வயது, படுத்த படுக்கை. கூப்பிடுகிறார்கள்.

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். ஆனால் கடிதத்தின் கடைசி வரிகளிலிருந்துதான் நான் ஆரம்பிக்க வேண்டும். போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவைதான் முக்கியமாகப் பட்டன.

மக்கள்தொகை ஆய்வில் சார்பு விகிதம் என்று ஒரு கணக்கு உண்டு. 15 முதல் 59 வயது வரை உள்ளவர்கள் உழைத்துக் குடும்பத்தைத் தாங்குகிறவர்கள் என்றும், 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் அவர்களைச் சார்ந்திருப்பவர்கள் என்றும் வைத்துக்கொண்டு, உழைக்கும் வயதினர் நூறு பேருக்கு எத்தனை முதியவர்கள் என்று பார்ப்பார்கள். 2021-க்கான அரசு மதிப்பீட்டில் இது தமிழ்நாட்டுக்கு 20.5, கேரளத்துக்கு 26.1. முதியோர் சுமை கூடுகிறது என்று நாளிதழில் வரும் செய்திகள் பெரும்பாலும் இந்த எண்ணிலிருந்து பிறப்பவை. இந்தக் கணக்கில் நீங்களும் உங்கள் மாமியாரும் ஒரே பக்கத்தில் இருக்கிறீர்கள். அவர்களைப் புரட்டிப் படுக்கவைத்து, துணி மாற்றி, கஞ்சி கொடுத்து, ராத்திரியில் கூப்பிட்டால் எழுந்து போகிற நீங்கள், இன்னொருவர் தாங்க வேண்டிய ஆளாகப் பதிவாகியிருக்கிறீர்கள்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் இப்படித்தான். 2011 படிவத்தில், வேலைக்குப் போகாதவர்களை மாணவர், வீட்டுப் பணி, சார்ந்திருப்பவர், ஓய்வூதியர் என்கிற மாதிரிப் பிரித்தார்கள். உங்களைப் போன்ற ஒருவர் வீட்டுப் பணியில் விழுவார், அல்லது சார்ந்திருப்பவரில் விழுவார். பராமரிப்பவர் என்று ஒரு கட்டம் அதில் கிடையாது. நேரப் பயன்பாட்டு ஆய்வு என்று ஒன்று நடக்கிறது. மக்கள் ஒரு நாளை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று கேட்பது அது. அந்த 2024 ஆய்வில், வீட்டில் உள்ளவர்களைப் பராமரிக்கும் வேலை செய்தவர்கள் பெண்களில் 41 சதவீதம், ஆண்களில் 21.4 சதவீதம். குழந்தை வளர்ப்பும் இதில் அடக்கம். இந்த எண்தான் செய்திகளில் அதிகம் வந்தது. இது எந்த வயதினருக்கானது என்று பார்த்தால், 15 முதல் 59 வரை. உங்கள் வயது அதற்கு வெளியே நிற்கிறது.

ஆராய்ச்சி யாருக்காக என்று கேட்டீர்கள். அது உங்களைச் சரியாகப் பார்க்கவில்லை என்கிற அளவில் உங்கள் கோபத்தோடு நான் சேர்ந்துகொள்கிறேன். பயனே இல்லை என்பதை மட்டும் ஏற்க மாட்டேன்.

நாட்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இங்கே இருப்பவர்களைத்தான் எண்ணும். வெளிநாட்டில் இருக்கும் உங்கள் மகன் அதில் வரமாட்டார். அப்படியானால் எத்தனை பேர் போயிருக்கிறார்கள் என்று எப்படித் தெரியும்? 1998-ல் திருவனந்தபுரத்தில் உள்ள வளர்ச்சி ஆய்வு மையம் ஒரு வழி கண்டது. கே.சி. சக்கரியா, எஸ். இருதயராஜன் போன்றவர்கள் வீடு வீடாகப் போய், இந்த வீட்டு ஆட்களில் வெளிநாட்டில் இருப்பது யார் என்று கேட்க வைத்தார்கள். அந்த முதல் கேரள ஆய்வில் 13.6 லட்சம் பேர் வெளிநாட்டில் இருந்தது தெரிந்தது. 2013-ல் அது 24 லட்சமாகி, 2018-ல் 21 லட்சமாகக் குறைந்து, 2023-ல் 22 லட்சமாக நின்றது. மொத்தம் பெரிதாக மாறாவிட்டாலும் போகிறவர்கள் மாறியிருக்கிறார்கள். மாணவராகப் போனவர்கள் 2018-ல் ஏறத்தாழ 1.3 லட்சம், 2023-ல் 2.5 லட்சம். வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர் ஒரு நாள் திரும்பி வந்தாக வேண்டும், அங்கே குடியுரிமை கிடைப்பது அரிது. படிக்கப் போகிறவர்களில் பலர் அங்கேயே தங்கிவிடும் எண்ணத்தோடுதான் விமானம் ஏறுகிறார்கள். ஒரு பெற்றோருக்கு இந்த இரண்டும் எவ்வளவு வேறு என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இதைத் திரும்பத் திரும்பப் போய்க் கேட்டதால்தான் கண்டுபிடிக்க முடிந்தது.

தமிழ்நாட்டில் 2015-ல் அதே முறையில் 20,000 வீடுகளில் கேட்டார்கள். வெளிநாட்டில் சுமார் 22 லட்சம் பேர் என்று கணக்கிட்டார்கள். சிங்கப்பூரும் ஐக்கிய அரபு அமீரகமும் முன்னால் நின்றன. உங்கள் தெருவுக்கு இது புதுச் செய்தி இல்லை, தெரியும். ஆனால் கோட்டையில் உட்கார்ந்து திட்டம் போடுகிறவருக்கு உங்கள் தெரு தெரியாது.

இந்த முறையில் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. கேள்விக்குப் பதில் சொல்ல வீட்டில் யாராவது இருக்க வேண்டும். குடும்பத்தோடு போய்விட்டால் பூட்டுக்குப் பதில் சொல்லத் தெரியாது. நீங்கள் சொல்லும் அந்தப் பாதி வீடுகள் கணக்கில் வருவதே கஷ்டம். 2011 கணக்கெடுப்பில் கேரளத்தில் மட்டும் ஆளில்லாத வீடுகள் 11 லட்சத்துக்கு மேல். பத்தனம்திட்டை, இடுக்கி இரண்டு மாவட்டங்களிலும் அந்தப் பத்தாண்டில் மக்கள்தொகையே குறைந்தது. நம் பக்கம் நீலகிரியிலும் குறைந்தது. அதற்குப் பிறகு 2021-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. இப்போது 2027 என்று அறிவித்திருக்கிறார்கள். பதினாறு வருடம் ஒரு நாடு தன்னை எண்ணாமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. அந்தப் பதினாறு வருடத்தில்தான் உங்கள் தெருவே காலியாகியிருக்கும்.

சரி, பிள்ளைகள் விஷயம். பார்க்காமல் விட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். பெற்றோர் பராமரிப்புக்காக 2007-ல் சட்டமே வந்திருக்கிறது. சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு கைவிட்டால் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யவும் அதில் வழி உண்டு. கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். அந்த மாதிரி வழக்குகளுக்கு அது வேண்டும். ஆனால் உங்கள் தெருவில் பூட்டிக் கிடக்கும் வீடுகளை அந்தக் கண்ணால் பார்க்காதீர்கள். நகையை அடகு வைத்து, நிலத்தை விற்று, பிள்ளை வெளியே போய்ப் பிழைக்க வேண்டும் என்று படிக்க வைத்த தலைமுறை உங்களுடையது. அவர்கள் போனார்கள். நீங்கள் விரும்பியது நடந்தது. அவர்கள் அனுப்பும் பணத்தில்தான் அந்தத் தெருவில் மருந்து வாங்கப்படுகிறது, கூரை மாற்றப்படுகிறது. பணம் வந்துவிடும். ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கி உட்காரவைக்க ஒரு கை வேண்டுமே, அது அங்கிருந்து வராது. இதை அன்பு குறைந்துவிட்டது என்று படித்தால், எல்லாரும் ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லிக்கொண்டே இருப்போம். அரசு நிம்மதியாக ஒதுங்கிக்கொள்ளும்.

அப்புறம் நிறையப் பிள்ளை பெறும் யோசனை. 2024 அக்டோபரில் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு அப்படிப் பேசினார். அதே மாதம் சென்னையில் ஒரு திருமண விழாவில் மு.க. ஸ்டாலினும் தொகுதி மறுவரையறையைச் சொல்லி அந்தப் பேச்சை எடுத்தார். மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலங்கள் அதற்காக எம்.பி. எண்ணிக்கையை இழக்கக் கூடாது என்பது நியாயமான வாதம். அதைப் பாராளுமன்றத்தில் பேசித் தீர்க்க வேண்டும், பெண்களின் வயிற்றில் ஏற்றக் கூடாது.

முதுமைக்கு இது மருந்தாகுமா என்று மட்டும் பார்ப்போம். 2036-ல் தமிழ்நாட்டில் 60 வயது ஆனவர்கள் 20.8 சதவீதம் இருப்பார்கள் என்று மத்திய அரசின் வல்லுநர் குழு கணித்திருக்கிறது. ஐந்தில் ஒருவர். 2011-ல் அது பத்தில் ஒருவர். 2036-ல் 60 ஆகப்போகிறவர்கள் யார்? 1976-க்குள் பிறந்தவர்கள். ஒரு பெண்ணுக்குச் சராசரியாக மூன்று நான்கு பிள்ளை இருந்த காலத்துக் குழந்தைகள் அவர்கள். எல்லாரும் பிறந்து, வளர்ந்து, பேரன் பேத்தி எடுக்கும் வயதுக்கு வந்தாகிவிட்டது. இன்றைக்குப் பிறக்கும் குழந்தை 2036-ல் பள்ளிக்கூடத்தில் இருக்கும். அதுவும் ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டிய ஜீவன்தான். ஒரே வீட்டில் அந்தக் குழந்தையையும் படுக்கையில் இருக்கும் பாட்டியையும் பார்க்கப்போவது ஒரே பெண். மேலும், சொன்னதும் பெற்றுக்கொள்ள யாரும் தயாராக இல்லை. 2019-21 குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்கு 1.8 பிள்ளை. தென்கொரியா பல ஆண்டுகளாக மலை மலையாகப் பணம் கொட்டியும் 2023-ல் அங்கே அது 0.72-க்கு இறங்கியது. பெண்கள் படித்து, கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு, பிறந்த குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கையில் இரண்டோடு நிறுத்தியது இந்த மண்ணில் நடந்த நல்ல காரியங்களில் ஒன்று. அதைத் திருப்பிவிடச் சொல்கிற எந்தப் பேச்சையும் என்னால் ஏற்க முடியாது.

வடக்கிலிருந்து வருகிறவர்கள் பற்றி நீங்கள் எழுதியதற்குச் சின்னதாக ஒரு பதில். 2013-ல் வெளிநாட்டில் இருந்த கேரளத்தவர் 24 லட்சம் என்றேன் அல்லவா? அதே ஆண்டு குலாட்டி நிதி, வரிவிதிப்பு நிறுவனத்தின் ஆய்வு, கேரளத்துக்குள் வேலைக்கு வந்திருக்கும் பிற மாநிலத்தவர் சுமார் 25 லட்சம் என்றது. உங்கள் மகன் தான் போன நாட்டுக்கு என்னவோ, அதுதான் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு அந்த பீகார்ப் பையன். அவனும் ஒரு பூட்டிய வீட்டை, அல்லது அம்மா மட்டும் இருக்கும் வீட்டை விட்டுத்தான் வந்திருப்பான்.

என்ன செய்யலாம் என்று கேட்டால், பதில் வெளியே தேட வேண்டியதில்லை. கோழிக்கோட்டில் 1993-ல் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் மற்றவர்களும் வலி நிவாரண சிகிச்சைக்கென ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். அது மெல்ல ஊர் ஊராகத் தன்னார்வலர்களைப் பயிற்றுவித்து, படுக்கையில் இருப்பவர்களின் வீட்டுக்கே போகும் அமைப்பாக மாறியது. 2008-ல் கேரள அரசு அதைக் கொள்கையாக்கி, உள்ளாட்சிகளிடம் பொறுப்பைக் கொடுத்தது. பஞ்சாயத்துச் செவிலியர் வீட்டுக்கு வருகிறார். ஜப்பானில் 2000-ல் நீண்டகாலப் பராமரிப்புக்கென்றே ஒரு காப்பீடு கொண்டுவந்தார்கள். 40 வயதானால் எல்லாரும் பணம் கட்ட வேண்டும். முதியவரைப் பகலில் அழைத்துப்போய் வைத்திருக்கும் மையம், வீட்டுக்கு வந்து குளிப்பாட்டும் ஆள் எல்லாம் அதில் வருகிறது. அதற்கு முன்னால் அங்கும் இது மருமகளின் வேலையாகத்தான் இருந்தது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் நல்ல ஆரம்பம். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டுக்கு வருகிறது, இயன்முறை சிகிச்சையும் வலி நிவாரணப் பராமரிப்பும் உண்டு. ஆனால் அது நோயாளியைத் தேடி வருகிறது. நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவரைத் தேடி வரும் திட்டம் நம்மிடம் இன்னும் இல்லை. முதியோர் ஓய்வூதியம் 2023-ல் மாதம் 1,200 ரூபாய் ஆனது. அதில் 60 முதல் 79 வயது வரை உள்ளவருக்கு மத்திய அரசின் பங்கு 200 ரூபாய். அந்த 200 கூடி எத்தனையோ வருடங்கள் ஆயிற்று. வாரத்தில் இரண்டு பகல் உங்கள் மாமியாரைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி பெற்ற ஒரு பெண், அவருக்கு ஒழுங்கான சம்பளம். என்னைக் கேட்டால் பட்ஜெட்டில் முதல் வரியாக இதைப் போடுவேன்.

இப்போதைக்கு உங்களால் முடிந்த இரண்டு காரியங்கள். 14567 என்பது முதியோருக்கான இலவச உதவி எண், அதைக் குறித்து வையுங்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாமியார் பெயர் வலி நிவாரணப் பராமரிப்புப் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் சேர்க்கச் சொல்லுங்கள். செவிலியர் வீட்டுக்கு வரும்போது உங்கள் ரத்த அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். முதுகு வலி இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். தூக்கிப் புரட்டுகிறவர்களுக்கு அது வராமல் இருக்காது. 91 வயதுக்காரரை நோகாமல் திருப்பிப் படுக்கவைக்கும் முறையை அவர்கள் ஒரு தடவை செய்து காட்டினால் உங்களுக்குப் பாதி பாரம் குறையும்.

அன்புடன்.