தேர்வுக்காக இணையத்தை நிறுத்தும் அரசுகள்: கேள்வி பதில்

திருப்பூர் வாசகர்: அண்ணன் பஸ்ராவில் வேலை பார்க்கிறார். தேர்வு சீசன் வந்தாலே காலையில் வாட்ஸ்அப் கிடைப்பதில்லை. ஏன்?

இராக்கில் 2015 முதலே இந்தக் கூத்து நடக்கிறது. பொதுத்தேர்வு நாட்களில் விடிகாலையில் சில மணி நேரம் இணையத்தை நிறுத்திவிடுவார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் தேர்வுக்குக்கூட நிறுத்தியிருக்கிறார்கள். கேள்வித்தாள் கட்டு பள்ளிக்குப் போய், பிரித்து, மணி அடிப்பதற்குள் யாராவது படம் எடுத்து டெலிகிராமில் போட்டுவிடுவார்களோ என்ற பயம்தான்.

வெட்டுவது சுலபம். ‘இந்த முகவரிகளுக்கு இந்தப் பக்கம் வாருங்கள்’ என்று ஒவ்வொரு நெட்வொர்க்கும் உலகத்துக்கு அறிவித்துக்கொண்டே இருக்கும். அதற்கு பிஜிபி என்று பெயர். அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றால் வெளியிலிருந்து யாருக்கும் வழி தெரியாது. சாதாரண போன் கால் போகும், அண்ணனை அதில் கூப்பிடுங்கள்.

மதுரை வாசகர்: விபிஎன் போட்டால்?

விபிஎன் என்பது உங்கள் இணையப் போக்குவரத்தை வேறொரு கணினி வழியாக மறைத்து அனுப்பும் செயலி. ரோடே இல்லாதபோது வண்டியை மாற்றி என்ன பயன்? சில தளங்களை மட்டும் தடுத்தால்தான் விபிஎன் உதவும். அல்ஜீரியா முதலில் சமூக ஊடகங்களை மட்டும் தடுத்துப் பார்த்தது. 2018இல் மொத்த இணையத்தையும் நிறுத்தியது. இலவச விபிஎன் செயலிகளை மட்டும் இறக்காதீர்கள். உங்கள் இணையப் போக்குவரத்து முழுக்க முகம் தெரியாத ஒருவர் கைக்குப் போகும்.

கோவை ஆசிரியை: வருடம் முழுக்கப் படித்த பிள்ளை, எவனோ லீக் செய்ததால் மறுதேர்வு எழுதுவது நியாயமா? இரண்டு மணி நேரம் நெட் இல்லாவிட்டால் என்ன குடிமுழுகிவிடும்?

நியாயமில்லைதான் டீச்சர். 2016இல் அல்ஜீரியாவில் லட்சக்கணக்கானவர்கள் அப்படி மறுபடி எழுதினார்கள். ஆனால் நெட்டை வெட்டினால் லீக் நிற்குமா? ராஜஸ்தானில் 2021 செப்டம்பரில் ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் பல மாவட்டங்களில் மொபைல் இணையத்தை நிறுத்தினார்கள். தேர்வுக்கு முன்பே ஜெய்ப்பூரில் கேள்வித்தாள் கைமாறிவிட்டது. 2022 பிப்ரவரியில் அதன் இரண்டாம் நிலைத் தேர்வு (ஆறு முதல் எட்டாம் வகுப்பு ஆசிரியர்களுக்கானது) ரத்தானது. காகிதத்தைத் திருடுகிறவனுக்கு இணையம் எதற்கு? அந்த இரண்டு மணி நேரத்தில் கார்டு தேய்க்க முடியாத கடைக்காரர், வாடகை வண்டி ஓட்டுநர், டிக்கெட் போட வேண்டியவர் எல்லாருக்கும்தான் நஷ்டம்.

அதே ஆசிரியை: உள்ளேயிருந்து விடை கேட்பதையாவது தடுக்குமே?

அது தடுக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு வாசலில் போனை வாங்கி வைத்தால் போதும். அல்ஜீரியாவில் வாசலில் மெட்டல் டிடெக்டரும் வைத்தார்கள், நாடு முழுக்க வெட்டவும் செய்தார்கள். சோதனையில் நம்பிக்கை இல்லையென்றால் சோதனையைத்தானே சரிசெய்ய வேண்டும்?

நெல்லை வாசகர்: எந்த விபிஎன் நல்லது?

மதுரைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

சென்னை வாசகர்: இந்தியாவில் இதைக் கோர்ட் கேட்காதா?

கேட்டிருக்கிறது. 2020 ஜனவரியில், காஷ்மீர் இணைய முடக்கத்தை எதிர்த்துப் பத்திரிகையாளர் அனுராதா பசின் போட்ட வழக்கில், முடக்க உத்தரவை வெளியிட வேண்டும், தேவைக்கு மிஞ்சி முடக்கக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். 2024 செப்டம்பரில் ஜார்க்கண்டில் பணித்தேர்வுக்காக வெட்டியபோது, இனி தேர்வைக் காட்டி நிறுத்துவதானால் எங்கள் அனுமதி வேண்டும் என்று அங்கே உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மேற்கொண்டு விவரம் வேண்டுமென்றால் வக்கீலைக் கேளுங்கள், நான் கேபிள்காரன்.