கதவடைப்பு மறுபடி வருமா? பேஸ்பால் கேள்வி – பதில்

பேஸ்பால் சம்பளத் தகராறு பற்றி வாசகர்கள் அனுப்பிய கடிதங்களை இந்த இதழில் மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பிட்ஸ்பர்க்வாசி, எங்கள் ஊர் அணியான பைரேட்ஸின் ரசிகன். பதில்களில் அந்த வலி தெரியத்தான் செய்யும்.

கேள்வி: என் மகனுக்குப் பதினொரு வயது. சிறுவர்களுக்கான லிட்டில் லீகில் ஆடுகிறான், டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணியின் ஆட்டம் ஒன்றுகூட விடமாட்டான். "அடுத்த வருஷம் ஆட்டமே இருக்காதாம்பா" என்று பள்ளியில் யாரோ சொன்னதைக் கேட்டுவிட்டு வந்து முகம் வாடி உட்கார்ந்திருக்கிறான். உண்மையா சார்?
– ஃபிரிஸ்கோ, டெக்சாஸ்

பயப்படக் காரணம் இருக்கிறது. ஆனால் எதுவும் முடிவாகிவிடவில்லை. அணி முதலாளிகளுக்கும் ஆட்டக்காரர் சங்கத்துக்கும் இடையில் இப்போதுள்ள ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1-ஆம் தேதியோடு முடிகிறது. புது ஒப்பந்தம் கையெழுத்தாகாவிட்டால் முதலாளிகள் கதவடைப்பு அறிவிக்கலாம். போன தடவை அதைத்தான் செய்தார்கள். 2021 டிசம்பர் 2-ஆம் தேதி அடைத்த கதவு 2022 மார்ச் 10-ஆம் தேதிதான் திறந்தது. 99 நாள். அத்தனை நாளும் ஆட்டக்காரர்கள் அணியின் மைதானத்தில் கால் வைக்கக் கூடாது, பயிற்சியாளரிடம் பேசக் கூடாது. லீகின் இணையதளத்தில் வீரர்களின் படங்களை எடுத்துவிட்டு, முகமில்லாத வெறும் நிழலுருவங்களைப் போட்டு வைத்தார்கள். என்றாலும் சீசன் ஒரு வாரம் தள்ளித் தொடங்கி 162 ஆட்டமும் நடந்தது. உங்கள் மகனிடம் இதைத்தான் முதலில் சொல்லுங்கள்.

கொஞ்சம் பெரியவனானதும் இன்னொன்றையும் சொல்லுங்கள். ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் வருவது ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. முதலாளிகளுக்கு டிவியிலிருந்து பெரிய பணம் கொட்டுவது சீசன் முடிந்து அக்டோபரில் நடக்கும் பிளேஆஃப் ஆட்டங்களில். அதனால் ஆட்டக்காரர்கள் ஸ்ட்ரைக் செய்வதென்றால் ஆகஸ்டில் செய்வார்கள். தங்கள் சம்பளத்தில் பெரும்பகுதி கைக்கு வந்திருக்கும், முதலாளிக்கு அப்போதுதான் வலிக்கும். முதலாளிகள் முந்திக்கொள்வதென்றால் டிசம்பரில் கதவைச் சாத்துவார்கள். சம்பளமும் கொடுக்க வேண்டாம், டிக்கெட் வருமானமும் போகாது. இரண்டு தரப்பும் தங்களுக்கு வசதியான மாதத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். டிக்கெட் வாங்குகிற குடும்பத்துக்கு எந்த மாதம் வலிக்கும் என்று அந்த மேஜையில் யாரும் கேட்பதில்லை. எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

கேள்வி: 1987இல் அகதியாக மொன்றியல் வந்தனான். அண்ணன் கோப்பை கழுவின காசில மலிவு ரிக்கெற் எடுத்து ஒலிம்பிக் ஸ்டேடியத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போவார். எக்ஸ்போஸ் அணிதான் இந்த ஊரில எங்களுக்குக் கிடைச்ச முதல் சொந்தம். 1994க்குப் பிறகு நான் ஒரு மட்ச்சும் பார்க்கேல்ல. இப்ப பிள்ளையள் ரொறன்ரோ புளூ ஜேய்ஸ் எண்டு துள்ளுகினம். நான் மனம் மாறலாமோ?
– மொன்றியல்

ஐயா, உங்கள் கடிதத்தை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். 1994 என்றால் என்ன என்று தெரியாத இளம் வாசகர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருடம் ஆகஸ்ட் 12-ஆம் தேதி ஸ்ட்ரைக் தொடங்கியபோது, பேஸ்பாலிலேயே முதலிடத்தில் இருந்தது உங்கள் எக்ஸ்போஸ். 74 வெற்றி, 40 தோல்வி. தங்கள் பிரிவில் அட்லாண்டாவைவிட ஆறு ஆட்டம் முன்னால். மேனேஜர் ஃபெலிப்பே அலூ, இடது ஃபீல்டில் அவருடைய சொந்த மகன் மோய்சஸ் அலூ. லாரி வாக்கர், மார்க்கீஸ் கிரிஸம், இன்னும் பெரிய பெயராகாத இளம் பெட்ரோ மார்ட்டினெஸ். சம்பளப் பட்டியலில் கடைசி வரிசையில் இருந்த அணி அது. பணக்கார அணிகளையெல்லாம் சம்பளப் பணமே இல்லாமல் ஓட ஓட விரட்டிக்கொண்டிருந்தது.

ஒரு அணி தரும் மொத்தச் சம்பளத்துக்கு முதலாளிகள் உச்சவரம்பு கேட்டார்கள். ஆட்டக்காரர்கள் மறுத்தார்கள். சீசன் முடிந்ததும் முதலாளிகள் அதைத் தாங்களாகவே திணித்துவிடுவார்கள் என்ற பயத்தில் ஆகஸ்டிலேயே மட்டையைக் கீழே வைத்தார்கள். செப்டம்பர் 14-ஆம் தேதி, லீகின் தாற்காலிக ஆணையராக இருந்த பட் சீலிக், சாம்பியனை முடிவுசெய்யும் வேர்ல்ட் சீரிஸையே ரத்து செய்தார். அவரே மில்வாக்கி அணியின் முதலாளி என்பதையும் நினைவில் வையுங்கள். இரண்டு உலகப் போர்களின்போதும் நிற்காத வேர்ல்ட் சீரிஸ் அது. 1904-க்குப் பிறகு முதல் தடவையாக நின்றது. கடைசியில் தகராறை உடைத்தது ஒரு நீதிபதியின் உத்தரவு. அந்த நீதிபதி பின்னால் உச்ச நீதிமன்றத்துக்குப் போன சோனியா சோட்டோமயோர்.

அதற்கப்புறம் நடந்ததுதான் கொடுமை. 1995 ஏப்ரலில், மறுபடி ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே, எக்ஸ்போஸ் முதலாளிகள் சில நாட்களுக்குள் கென் ஹில்லை செயின்ட் லூயிஸுக்கும், ஜான் வெட்லண்டை நியூயார்க் யாங்கீஸுக்கும், கிரிஸமை அட்லாண்டாவுக்கும் தள்ளிவிட்டார்கள். வாக்கர் கொலராடோ போய்விட்டார். அந்த அக்டோபரில் அட்லாண்டா வேர்ல்ட் சீரிஸை வென்றபோது கடைசிப் பந்தைப் பிடித்தது யார் தெரியுமா? மார்க்கீஸ் கிரிஸம். மறுவருடம் யாங்கீஸ் வென்றபோது தொடர் நாயகன் யார்? ஜான் வெட்லண்ட். மொன்றியல் வளர்த்த பிள்ளைகள் வேறு ஊர்களில் கோப்பை தூக்கினார்கள். 2004 சீசனோடு அணியே வாஷிங்டனுக்குப் போய்விட்டது.

அதனால், அவர்களை மன்னியுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த அக்டோபருக்கு யாரும் உங்களிடம் இன்னும் பதில் சொல்லவில்லை. ஆனால் 2025 வேர்ல்ட் சீரிஸின் ஏழாவது ஆட்டத்தில், டொராண்டோவிலேயே, வழக்கமான ஒன்பதைத் தாண்டிப் பதினொரு இன்னிங்ஸ் போய் புளூ ஜேய்ஸ் 5–4 என்று தோற்ற இரவில் உங்கள் பிள்ளைகள் எப்படி இருந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அந்த வேதனை உங்களைவிட யாருக்குப் புரியும்? லீகுக்காக வேண்டாம். அடுத்த ஆட்டத்துக்குப் பிள்ளைகள் பக்கத்தில் உட்காருங்கள்.

கேள்வி: 2025 சீசனில் எங்கள் புரூவர்ஸ் 97 வெற்றியோடு எல்லா அணிகளுக்கும் மேலே இருந்தது. லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸை சீசனில் ஆறுக்கு ஆறு ஜெயித்தோம். அக்டோபரில் அதே டாட்ஜர்ஸிடம் நாலுக்கு நாலு தோற்றோம். இது பணமா, விதியா?
– மில்வாக்கி

அந்த நான்கு ஆட்டங்களிலும் உங்கள் அணி எடுத்தது ஆட்டத்துக்கு ஒரே ஒரு ரன். எதிரே பந்து வீச ஆரம்பித்தவர்களை வரிசையாகப் பாருங்கள். முதல் ஆட்டம் பிளேக் ஸ்னெல், ஒப்பந்தம் 18.2 கோடி டாலர். இரண்டாவது யமமோட்டோ, 32.5 கோடி. மூன்றாவது கிளாஸ்னவ், 13.65 கோடி. நான்காவது ஒதானி, 70 கோடி. அன்றைக்குப் பத்துப் பேரைப் பந்தை அடிக்கவிடாமல் ஸ்ட்ரைக்அவுட் செய்துவிட்டு, தானே மட்டையெடுத்து மூன்று ஹோம்ரனும் (பந்தை எல்லைக்கு வெளியே பறக்கவிடும் அடி) அடித்தார். நாலு பேருக்கும் சேர்த்து 134 கோடி டாலருக்கு மேல். சின்ன ஊர் அணிக்கு இப்படி ஒருவர் கிடைப்பார், அதிர்ஷ்டம் இருந்தால் இருவர். நால்வரை வரிசையாக நிறுத்துவது பணம் இருக்கிற இடத்தில்தான் நடக்கும்.

அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் உள்ளூர் டிவியிலிருந்து. டாட்ஜர்ஸ் 2013-இல் போட்ட டிவி ஒப்பந்தம் 25 வருடத்துக்கு 835 கோடி டாலர். லாஸ் ஏஞ்சலஸ் அளவு ஊரில்தான் அது முடியும். ஒதானியின் 70 கோடியில் 68 கோடியை ஒப்பந்த காலம் முடிந்த பிறகு வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. இப்போது கையில் தருவது வருடத்துக்கு 20 லட்சம்தான். சட்டப்படி எல்லாம் சரி. ஆனால் 162 ஆட்டத்தில் முதலிடம் வந்த ஊர்க்காரர்களிடம் போய் இதுதான் சமமான போட்டி என்று சொல்ல எனக்கு மனசு வராது.

கேள்வி: நீங்கள் எப்போதும் ஆட்டக்காரர்கள் பக்கமே பேசுகிறீர்கள். கோடிக்கணக்கில் வாங்குகிறவனுக்கு எதற்கு சங்கம்?
– எடிசன், நியூ ஜெர்சி

கோடி வாங்குகிறவர்கள் நம் கண்ணில் படுகிறார்கள், அவ்வளவுதான். ஒரு ஆட்டக்காரர் தான் விரும்பிய அணிக்குப் போக மேல் லீகில் ஆறு வருடம் ஆடியிருக்க வேண்டும். முதல் மூன்று வருடம் பெரும்பாலும் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டித்தான். ஒரு வருடம் என்றால் 172 நாள் கணக்கு. 2015-இல் சிகாகோ கப்ஸ் அணி கிரிஸ் பிரையன்ட் என்ற இளைஞரை சீசன் தொடக்கத்தில் கீழ்மட்டமான மைனர் லீகிலேயே நிறுத்திவைத்து, பிறகு மேலே கொண்டுவந்தது. வருடக் கடைசியில் அவர் கணக்கில் இருந்தது 171 நாள். ஒரே ஒரு நாள் குறைந்ததால் முழுதாக ஒரு வருடம் கூடுதலாக அதே அணியில் இருக்க வேண்டியதாயிற்று. அவர் போட்ட முறையீடும் தோற்றது.

மைனர் லீக் கதை இன்னும் மோசம். 2022-இல் அவர்களுக்குச் சங்கம் அமைவதற்கு முன், அதன் கீழ்ப்படிகளில் ஒன்றான ஏ மட்டத்தில் ஆடுகிறவருக்கு வருடத்துக்குச் சுமார் 11,000 டாலர்தான். சங்கம் வந்த பிறகு அது 26,200 ஆனது. 2008-இல் எங்கள் பைரேட்ஸ் அணி, இந்தியாவிலிருந்து வந்த ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற இரண்டு இளைஞர்களை ஒப்பந்தம் செய்ததே, அவர்கள் ஆடியதும் இந்தக் கீழ்மட்டத்தில்தான். சங்கம் வேண்டுமா என்று அந்த மட்டத்தில் ஆடியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: மற்ற விளையாட்டுகளில் இருப்பதுபோல் சம்பள உச்சவரம்பு வைத்தால் பிரச்சினை தீருமா? உங்கள் பைரேட்ஸும் ஜெயிக்குமே!
– கேரி, நார்த் கரோலினா

உச்சவரம்பால் மட்டும் ஜெயிக்காது. இதை நான் அடித்துச் சொல்வேன்.

பைரேட்ஸ் 1993 முதல் 2012 வரை தொடர்ந்து 20 சீசன் வெற்றியைவிடத் தோல்வி அதிகமாகவே முடித்தது. அமெரிக்கத் தொழில்முறை விளையாட்டில் வேறு எந்த அணிக்கும் அந்த அவமானம் இல்லை. 2013 அக்டோபர் 1-ஆம் தேதி, சின்சினாட்டிக்கு எதிராக, தோற்றால் வெளியே என்ற அந்த ஒற்றை பிளேஆஃப் ஆட்டத்துக்கு நானும் போயிருந்தேன். நாற்பதாயிரம் பேர், எல்லோரும் கறுப்புச் சட்டை. எதிரணிக்குப் பந்து வீசிய குவேட்டோவின் பெயரை இழுத்து இழுத்துக் கூட்டமே பாடியது. அந்த இரைச்சலில் பந்து அவர் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. எடுத்துத் துடைத்து மறுபடி வீசினார், ரஸ்ஸல் மார்ட்டின் ஹோம்ரன் அடித்தார். எனக்குப் பக்கத்து நாற்காலிப் பெரியவர், முன்பின் தெரியாதவர், என் தோளில் முகம் புதைத்து அழுதார். இந்த ஊர் இருபது வருடம் தேக்கி வைத்தது அது.

அந்த அணியை என்ன செய்தார்கள்? 2018 ஜனவரியில் மூன்றே நாளில் கெரிட் கோலையும் ஆண்ட்ரூ மக்கச்சனையும் வேறு அணிகளுக்கு அனுப்பினார்கள். கோல் பிறகு யாங்கீஸில் 32.4 கோடிக்குக் கையெழுத்துப் போட்டார். இப்போது பால் ஸ்கீன்ஸ் இருக்கிறார். 2025-இல் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரி 1.97 ரன்தான் கொடுத்தார், சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருதும் வாங்கினார். ஆனால் அவர் கணக்கில் பத்து வெற்றி, பத்து தோல்வி! அவருக்காக ரன் எடுக்க ஆளில்லை. அணி 91 ஆட்டம் தோற்றது.

டாட்ஜர்ஸ் அதிகம் செலவழித்ததால் மட்டும் இது நடக்கவில்லை. ஒவ்வொரு அணியும் தன் உள்ளூர் வருமானத்தில் 48 சதவீதத்தைப் பொதுவில் போடுகிறது. அது 30 அணிகளுக்கும் சமமாகப் பிரிகிறது. சின்ன அணிகள் போட்டதைவிட அதிகம் வாங்குகின்றன. அந்தப் பணத்தை அணியை மேம்படுத்தச் செலவழிக்க வேண்டும் என்பது விதி. பைரேட்ஸ் உள்பட நான்கு அணிகள் அப்படிச் செய்யவில்லை என்று ஆட்டக்காரர் சங்கம் 2018-இல் முறையீடே போட்டது. மேலே உள்ளவரைப் பிடித்து நிறுத்தினால் டாட்ஜர்ஸ் முதலாளிக்குப் பணம் மிச்சமாகும், அவ்வளவுதான். கீழே உள்ளவர் இவ்வளவாவது செலவழித்தே ஆக வேண்டும் என்று அடிவரம்பு வைத்து, கணக்குப் புத்தகத்தையும் திறந்து காட்டச் சொன்னால், உச்சவரம்பைப் பற்றி நானும் பேசத் தயார்.

வரம்பு வாங்குவதற்கும் விலை உண்டு. ஐஸ் ஹாக்கி லீகில் அதற்காக 2004–05 சீசன் முழுவதையும் பலி கொடுத்தார்கள்.

கேள்வி: ரசிகர்கள் ஒன்று சேர்ந்தால் எதையாவது மாற்ற முடியுமா?
– ஃப்ரீமாண்ட், கலிஃபோர்னியா

உங்கள் பக்கத்து ஊர் ஓக்லண்டிலேயே, அணியை லாஸ் வேகஸுக்குக் கொண்டுபோக நினைத்த முதலாளிக்கு எதிராக முயன்று பார்த்தார்களே. 2023 ஜூன் 13-ஆம் தேதி, வெறிச்சோடிக் கிடக்கும் மைதானத்தை வேண்டுமென்றே நிரப்பினார்கள். 27,759 பேர், 'விற்றுவிடு' என்று எழுதிய பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு. ஆட்டத்தையும் ஜெயித்தார்கள். இரண்டே நாளில் நெவாடா ஆளுநர், லாஸ் வேகஸ் மைதானத்துக்கு 38 கோடி டாலர் வரை பொதுப்பணம் தரும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். 2024-ஓடு ஓக்லண்டில் அணி இல்லை.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். முதலாளிகள் நம் கோஷத்துக்கு அசைவதில்லை, நம் வரிப்பணத்துக்கு அசைகிறார்கள். உங்கள் ஊரில் மைதானத்துக்குப் பொதுப்பணம் என்று பேச்சு எழும்போதே நகரசபைக்குப் போய்ப் பேசுங்கள். 1922-இல் உச்ச நீதிமன்றம் பேஸ்பாலுக்கு ஏகபோகத் தடைச் சட்டத்திலிருந்து கொடுத்த விலக்கு இன்னும் பெருமளவு நிற்கிறது. அதை எடுக்கச் சொல்லி உங்கள் காங்கிரஸ் உறுப்பினருக்கு எழுதுங்கள்.

கேள்வி: 2027 சீசன் டிக்கெட்டுக்கு இப்போதே பணம் கட்டலாமா?
– ஹூஸ்டன்

ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை வேண்டாம். இடம் போய்விடுமே என்று பயந்து கட்டியே ஆக வேண்டுமென்றால், ஆட்டம் ரத்தானால் பணம் கைக்குத் திரும்பி வருமா, அடுத்த வருடக் கணக்கில் வரவு வைப்பார்களா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு கட்டுங்கள். அதுவரை மைனர் லீக் ஆட்டத்துக்குக் குழந்தைகளைக் கூட்டிப் போங்கள். 2021–22 கதவடைப்பு மேல் லீக் பட்டியலில் இருந்தவர்களுக்குத்தான் பொருந்தியது.